தெருவில் போட்ட கணக்கு

திருநெல்வேலிக்கு வடகிழக்கே, தாழையூத்துப் பக்கம், தாமிரபரணிக் கரையை ஒட்டி இருக்கிறது ராஜவல்லிபுரம். செப்பறை அழகிய கூத்தர் கோயிலால் பலருக்கும் தெரிந்த ஊர். வயலை நம்பி வாழ்ந்த இந்தச் சிற்றூரிலிருந்து இரண்டு பேர் சாகித்திய அகாதெமி விருது பெற்றிருக்கிறார்கள். 1955இல் தமிழுக்கென்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட விருதை வாங்கியவர் ரா.பி. சேதுப்பிள்ளை. 1978இல் வாங்கியவர் வல்லிக்கண்ணன். ஒரே ஊர், ஒரே விருது, இடையில் 23 ஆண்டுகள். ஆனால் அவர்கள் வந்த வழிகள் வேறு. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நெல்லைச் சீமையில் ஒரு மனிதனின் பிழைப்பை ஊர் எப்படி அளந்தது என்பது தெரியும்.

சேதுப்பிள்ளையின் வழி ஊருக்குப் புரிந்த வழி. 1896இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, நெல்லை இந்துக் கல்லூரியில் இன்டர்மீடியட், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ., அதன்பின் சட்டம். நெல்லையில் வக்கீலாக இருந்தார். நகராட்சி மன்றத்தில் இருந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும், அங்கிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் தமிழ் கற்பிக்கப் போனார். ஒவ்வொரு படியையும் திண்ணையில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தது. சொன்னால் கேட்டவருக்கும் விளங்கியது. வக்கீல், கவுன்சிலர், புரொபசர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது.

வல்லிக்கண்ணன் இருபத்துநான்கு வயது இளையவர், 1920இல் பிறந்தவர். விவசாய இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அன்றைய கணக்கில் அது சர்க்கார் உத்தியோகம். கல்யாணச் சந்தையில் விலைபோகும் உத்தியோகம். இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் அதை விட்டுவிட்டார். எழுதுவதற்காக விட்டார் என்று சொன்னால் 1941இல் யாருக்கும் அது ஒரு காரணமாகப் பட்டிருக்காது. துறையூரில் 'கிராம ஊழியன்' பத்திரிகை, பிறகு சென்னை, அண்ணன் குடும்பத்தோடு குடித்தனம், கல்யாணம் இல்லை, நிரந்தரமான மாதச் சம்பளம் இல்லை. இளம் எழுத்தாளர்களுக்கு ஓயாமல் அஞ்சலட்டை எழுதினார். விருது வந்தபோது வயது 58. சேதுப்பிள்ளைக்கு விருது வந்தபோது 59. வயதில் மட்டும் இருவரும் ஏறத்தாழச் சமம்.

1945 வாக்கில் ஊர்க்காரர் ஒருவர் இந்த இரண்டு பேரையும் ஒப்பிட்டிருந்தால் தீர்ப்பு என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். ஒருவர் பல்கலைக்கழகத்தில். மற்றவர் கிடைத்த வேலையை உதறியவர்.

அன்றைய ஒப்பீடு தெருவுக்குள் நடந்தது. ஒரு தெருவில் ஒரே செட்டில் நாலைந்து பையன்கள் இருப்பார்கள். அந்த நாலைந்து பேருக்குள்தான் போட்டி. பரீட்சை முடிவு பத்திரிகையில் எண் எண்ணாக வரும். எண் இருந்தால் தேறியாயிற்று. இல்லையென்றால் அன்று காலையிலேயே தெரு முழுவதற்கும் தெரிந்துவிடும். 'பி.ஏ. ஃபெயில்' என்பதுகூட ஒரு தகுதியாகச் சொல்லப்பட்ட காலம் அது. தோற்றதை மறைக்க வழியில்லாததால், தோற்றதிலும் எந்த வகுப்பு வரைக்கும் போய்த் தோற்றோம் என்பது முக்கியமாயிற்று. பிறகு ஏணியில் ஏறுவது. ரெவின்யூவில் சேர்ந்தால் ஆர்.ஐ., தாசில்தார், டெபுடி கலெக்டர். படிகள் அரசாங்கம் அச்சடித்தவை. இன்ன படிக்கு இவ்வளவு சம்பளம் என்பது எல்லாருக்கும் தெரியும். கிம்பளம் எவ்வளவு என்பதும் பாதிப் பேருக்குத் தெரியும்.

அதே தெருவில் இருந்ததால் மற்றதும் தெரிந்தது. தாசில்தாராகப் போனவனுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். பிள்ளைகள் படிப்பு ஊர் ஊராகச் சிதறுகிறது. வக்கீலுக்குக் கட்சிக்காரர்கள் பணத்துக்குப் பதில் நெல்லாகத்தான் கொடுக்கிறார்கள். டாக்டரின் வீட்டில் அம்மைக்கும் மருமகளுக்கும் பேச்சில்லை. பம்பாய்க்குப் போனவன் கோயில் கொடைக்கு வரும்போது கழுத்தில் சங்கிலியோடு வருவான். அந்தச் சங்கிலி திரும்பும்போது எந்த அடகுக் கடையில் இருந்தது என்பதும் தெரிந்துவிடும். 'உன் செட்டுல உள்ள பய தாலுகா ஆபீஸ்ல சேந்துட்டாம்லா, நீ என்னலே செய்யுத?' என்று கேட்ட பெரியப்பாவுக்கு அந்தப் பையன் சேர்வதற்கு விற்ற வயலின் சர்வே நம்பரும் தெரியும். பொறாமைக்கு ஆளானவனின் முழுக் கணக்கும், வரவு செலவு இரண்டும், பொறாமைப்பட்டவனின் கண்முன் இருந்தது. எனக்கு அந்தக் காலத்தின் மேல் பெரிய ஏக்கம் ஒன்றும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் அதன் கணக்கில் வரவாக வைக்கலாம்.

செலவுப் பக்கம் பெரிது. முதலாவது, அந்தப் போட்டியில் யார் யார் இருந்தார்கள்? தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளால் விளைந்த நன்செய், கோயில்களிடமும் மடங்களிடமும் சில சாதியாரிடமும் இருந்தது. படிப்புக்குப் பணமும் அங்கிருந்துதான் வந்தது. நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் ஒப்பீட்டுக்குள்ளேயே வரவில்லை. தோற்றார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்களுக்கு எண்ணே இல்லை. பாளையங்கோட்டையில் 1878இல் வந்த தூய யோவான் கல்லூரியும் 1923இல் வந்த தூய சவேரியார் கல்லூரியும் அந்த வட்டத்தை ஓரளவு உடைத்தன. பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி 1895இலேயே இருந்தது. ஆனாலும் படித்த பெண் வாத்திச்சியாகவோ நர்ஸாகவோ ஆகலாம், அதற்கு மேல் அவளை எதோடும் யாரும் ஒப்பிடவில்லை. ஒப்பிடுவதெல்லாம் அவளுடைய மாப்பிள்ளையைத்தான்.

இரண்டாவது, ஏணியில் இல்லாத திறமைக்கு அன்றைய ஊரிடம் அளவுகோலே கிடையாது. வல்லிக்கண்ணன் ஒருவர் மட்டும் அல்ல. சட்டம் படித்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் அதைத் தொழிலாக அதிகம் நடத்தவில்லை. வண்ணார்பேட்டை வீட்டில் 'வட்டத்தொட்டி' என்று நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பனைப் படித்தார். இன்று நெல்லையின் பண்பாட்டு வரலாற்றை அந்த வீடு இல்லாமல் எழுத முடியாது. புதுமைப்பித்தன் தாசில்தார் மகன். இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தபோது 25 வயது. சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகாமல் சென்னைக்குப் போனார். 'மணிக்கொடி', 'தினமணி', 'தினசரி', கடைசியில் சினிமா. காச நோயோடு 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது 42 வயது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அன்று அது நஷ்டக் கணக்குதான். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது 2002இல். அவர் செட்டில் தாசில்தார் ஆனவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. தெரியாததால் அவர்கள் வாழ்க்கை வீண் என்றும் ஆகாது; மூன்று வேளையும் சாப்பிட்டார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த ஒப்பீட்டை ஒரே வீட்டுக்குள் பார்க்கவேண்டும் என்றால் தொண்டைமான் சகோதரர்களைப் பார்க்கவேண்டும். அண்ணன் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் 1904இல் பிறந்தவர், தம்பி தொ.மு.சி. ரகுநாதன் 1923இல். பத்தொன்பது வயது இடைவெளி. அண்ணன் ரெவின்யூ ஏணியில் கீழ்ப்படியில் ஏறி, படிப்படியாக மாவட்ட ஆட்சியர் வரைக்கும் போனவர். தம்பி 1942 போராட்டத்தில் சிறைக்குப் போய்க் கல்லூரிப் படிப்பை விட்டவர். ஒருவர் சர்க்காரின் ஆள், மற்றவர் சர்க்காரை எதிர்த்த இடதுசாரி. ஒரே தெருவில், ஒரே பந்தியில், உறவினர் கூட்டத்தில் இந்த இரண்டு பேரையும் ஒப்பிடாமல் யாராவது இருந்திருப்பார்களா? அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எத்தனை அத்தான்களும் மாமாக்களும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பின்னால் என்ன ஆயிற்று? ரகுநாதன் 1951இல் புதுமைப்பித்தன் வரலாற்றை எழுதினார். 1953இல் கைத்தறி நெசவாளர்களைப் பற்றிய 'பஞ்சும் பசியும்' வந்தது. கார்க்கியின் 'தாய்' அவர் மொழிபெயர்ப்பில் பல தலைமுறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 'சாந்தி' என்று சொந்தப் பத்திரிகை நடத்திப் பார்த்தார், நிலைக்கவில்லை. பிறகு நெடுங்காலம் 'சோவியத் நாடு' அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1983இல் அகாதெமி விருது வந்தபோது வயது 60. அண்ணனோ, தஞ்சாவூரில் வேலை பார்த்தபோது ஊர் ஊராகக் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைச் சேர்த்து 1951இல் கலைக்கூடம் உருவாகக் காரணமாக இருந்தார். ஓய்வு பெற்றபின் கோயில் கோயிலாகச் சுற்றி 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார். இன்று அவரை நினைப்பவர்கள் அந்தக் கலைக்கூடத்துக்காகவும் புத்தகத்துக்காகவும்தான் நினைக்கிறார்கள். உறவினர்கள் பந்தியில் பெருமையாகச் சொன்ன கலெக்டர் பதவி, இப்போது அவரைப் பற்றிய குறிப்புகளில் ஒரு வரி. ஆனால் அந்தப் பதவி இல்லாமல் சிலைகள் தஞ்சாவூருக்கு வந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இடையில் ஒரு காலம் இருந்தது. ஏணியும் எழுத்தும் சண்டை போடாத காலம். 1969இல் வங்கிகள் நாட்டுடைமையான பிறகு கிளைகள் பெருகின. நெல்லைப் பையன்களுக்குத் தாலுகா ஆபீஸ் கனவு பாங்க் கனவாக மாறியது. மாதச் சம்பளம், சீக்கிரம் முடியும் வேலை, தெருவில் மரியாதை. வண்ணதாசனும் கலாப்ரியாவும் வங்கி ஊழியர்களாகவே இருந்து எழுதினார்கள். வண்ணதாசனின் தந்தை தி.க.சி. வங்கி வேலையில் தொடங்கி, 'சோவியத் நாடு', 'தாமரை' என்று போனவர். தந்தைக்கு அகாதெமி விருது 2000இல், 75 வயதில். மகனுக்கு 2016இல், 70 வயதில். ஒரே சுடலைமாடன் தெரு வீட்டுக்கு இரண்டு விருதுகள்.

தொழிற்சாலைப் பக்கமும் அப்படி ஒரு நிம்மதி இருந்தது. பாபநாசத்து அருவி நீரின் விசையில் ஹார்வி சகோதரர்கள் 1885இல் ஆரம்பித்த மில் விக்கிரமசிங்கபுரத்தைப் பல தலைமுறை நடத்தியது. பதிலியாக நுழைந்து நிரந்தரம் ஆவதுதான் அங்கே முன்னேற்றம் என்பதன் பொருள். தாழையூத்தில் 1949இல் உற்பத்தி தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் சங்கர்நகர் என்று ஒரு குடியிருப்பையே உண்டாக்கியது. குவார்ட்டர்ஸின் அளவைப் பார்த்தாலே உள்ளே இருப்பவரின் உத்தியோகம் தெரியும். 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போயிற்று. 'கம்பெனி வேலை' என்றால் ஓய்வு பெறும் வரை ஒரே கம்பெனி என்ற எண்ணம் அதற்கு வெகு முன்பே போய்விட்டது.

இன்று படிப்புக்கு நெல்லையை விட்டுப் போகவேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரி 1965இல் வந்தது, அரசு பொறியியல் கல்லூரி 1981இல், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல். தனியார் பொறியியல் கல்லூரிகள் நாற்கரச் சாலை ஓரமெல்லாம் இருக்கின்றன. அன்று தோற்றவர்களாகக்கூட எண்ணப்படாத வீடுகளிலிருந்து இன்று பிள்ளைகள் வருகிறார்கள். 'முதல் பட்டதாரி' சான்றிதழ் என்று ஒன்றைத் தாசில்தார் கொடுக்கிறார். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை என்று அரசாங்க முத்திரையோடு சொல்லும் தாள் அது. தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்காக 2010 முதல் வழக்கத்துக்கு வந்தது. வேறொரு விதத்தில் பார்த்தால், வீட்டுக்குள் ஒப்பிட ஆளில்லை என்பதற்கான அத்தாட்சி. அண்ணனைப் பார் என்று அந்தத் தாளை வாங்கும் பெண்ணிடம் யாரும் சொல்ல முடியாது. அது விடுதலைதான். ஆனால் எதைப் பார்ப்பது என்று கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை.

அந்தக் கேள்விக்கு இப்போது போன் பதில் சொல்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. பிள்ளைகள் மனம் நொந்துபோகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். முடிவு இப்போது அவரவர் போனுக்குத் தனியாக வருகிறது; தெருவுக்குத் தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்றைய பத்திரிகை எண்ணைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நாலு வருடம் கழித்து அதே போனில் லிங்க்ட்இன் திறக்கிறது. கூடப் படித்தவன் பெங்களூரில் சேர்ந்ததை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறான். இன்னொருத்தி ஜெர்மனியில் மாஸ்டர்ஸ். ஒரு வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேர், அந்த அறுபது பேரின் நண்பர்கள் இன்னும் சில ஆயிரம். நாலைந்து பேர் இருந்த செட்டு இப்போது எல்லையில்லாதது. 'சம்பளம் எவ்வளவு?' என்ற கேள்வி 'பேக்கேஜ் எத்தனை?' என்று மாறியது. பதில் மாதத்தில் இல்லை, வருடத்தில், லட்சத்தில் வருகிறது. பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, வாங்கிய கல்விக் கடன் மீதி எவ்வளவு என்பதெல்லாம் அறிவிப்பில் இல்லை. வேலை போனவன் அதை அறிவிப்பதில்லை. அவன் பக்கம் சும்மா இருக்கும், பார்ப்பவனுக்கு அது கண்ணில் படுவதுகூட இல்லை.

சர்க்கார் ஏணி காணாமல் போகவில்லை, நெரிசல்தான் கூடியது. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். வல்லிக்கண்ணன் எழுதுவதற்காக விட்ட குமாஸ்தா வேலைக்கு இணையான இடத்துக்காக, பொறியியல் படித்தவர்கள் பாளையங்கோட்டை நூலகத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் கதை நன்றாகத் தெரியும். ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பவர்கள் அவர்கள். பழைய தெரு இன்று எங்காவது மிச்சம் இருக்கிறதென்றால் அந்த நூலக மேசைகளில்தான் இருக்கிறது என்பேன்.

புதிய ஏணிகளும் உள்ளூரிலேயே வந்திருக்கின்றன. குற்றாலத்துக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011இல் அலுவலகம் தொடங்கியது. 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை மத்தளம்பாறையும் நெல்லை மாவட்டம்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைக் கல்லூரிக்கு அனுப்பாமல் தானே உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளி ஒன்றையும் அந்தக் கம்பெனி நடத்துகிறது. பட்டமே இல்லாத புரோகிராமர்! பழைய திண்ணையில் இதை விளக்கவே அரை நாள் ஆகியிருக்கும். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் 4.3 கிகாவாட் அளவுக்குச் சூரியத் தகடு ஆலை வைத்திருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷிப்ட் பஸ்ஸில் சீருடையோடு போகும் அந்தப் பெண்களை, அவர்களின் மாப்பிள்ளையை வைத்து இனி யாரும் அளக்க முடியாது.

இரண்டு காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், இன்றுதான் மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாலு வீட்டுப் பையன்கள் மட்டும் ஓடிய பந்தயத்தில் இன்று எல்லா வீடுகளும் இருக்கின்றன, பெண்களும் இருக்கிறார்கள். வழியை விட்டு விலகுகிறவனை வீட்டோடு ஒதுக்கிவைக்கும் பலமும் ஊருக்கு இல்லை. வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன், படம் எடுக்கப் போகிறேன் என்று இன்று ஒரு பிள்ளை சொன்னால், அப்பா கத்துவார். ஆனால் அந்த வார்த்தை அவருக்குப் புரியும். இழந்தது ஒன்றுதான். அடுத்தவன் வெற்றியின் விலையை அன்று பக்கத்து வீட்டிலிருந்தே பார்த்தோம். இன்று அந்த விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுச் சரக்கை மட்டும் காட்டுகிறார்கள்.

அதைச் சரிசெய்யப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கொடைக்கும் பொங்கலுக்கும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊருக்கு வருகிற அண்ணன்மாரும் அக்காமாரும், பேக்கேஜைச் சொல்லும்போது வீட்டுக்கடன் தவணையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை இன்டர்வியூவில் நிராகரிக்கப்பட்டீர்கள், எத்தனை மாதம் வேலை இல்லாமல் அறையில் இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் வரும் ஜூனில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள்.